ஹைட்ரஜன் நிலையங்களுக்கு அரசு உதவி: கட்டுவதற்கா, நடத்துவதற்கா?

2025 மார்ச்சில் மத்திய அரசு ஐந்து ஹைட்ரஜன் வாகனச் சோதனைத் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது. பேருந்தும் லாரியுமாக 37 வண்டிகள், 9 எரிபொருள் நிலையங்கள், சுமார் 208 கோடி ரூபாய் உதவி. அதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. நாமக்கல்லில் ஆறு லாரி வைத்திருப்பவர் கேட்டார்: "பங்க்கை அரசாங்கமே கட்டிக் கொடுத்துட்டா வண்டி தானா வந்துடாதா சார்?" போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், கட்டுமான மானியமா, இயக்க மானியமா என்று விவாதம் வந்தால் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் குழம்பியிருந்தார்.

இரண்டுமே நல்ல கேள்விகள். ஜப்பானும் ஜெர்மனியும் கலிபோர்னியாவும் பத்து வருடத்துக்கு மேல் பணம் போட்டுப் பார்த்த பிறகும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கேள்விகள். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, நிரப்பிய கிலோவுக்குக் கொடுக்கும் பணமே நின்று பலன் தரும். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது?

### தினமும் எத்தனை கிலோ போகும்?

ஹைட்ரஜனை லிட்டரில் விற்பதில்லை, கிலோவில்தான் விற்பார்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கிலோ கணக்கில்தான் ஒரு நிலையத்தின் ஆயுள் இருக்கிறது.

நாளுக்கு 200 கிலோ நிரப்பக்கூடிய ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கடன் தவணை, பராமரிப்பு, ஆள் சம்பளம், காப்பீடு எல்லாம் சேர்த்து, விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு 2 கோடி ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவும் விற்றால் வருடத்துக்கு 73,000 கிலோ. ஒரு கிலோவின் தலையில் விழுவது 274 ரூபாய். நாளுக்கு 20 கிலோதான் போகிறது என்றால் அதே 2 கோடி 7,300 கிலோவின் தலையில் ஏறும்: கிலோவுக்கு 2,740 ரூபாய். வாயுவின் விலை இதில் இன்னும் சேரவே இல்லை.

சரி, அந்த 200 கிலோவை வாங்குவது யார்? கார் என்றால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் கார் சராசரியாக நாளுக்கு 400 கிராம்தான் குடிக்கும். அப்படியானால் 500 கார் வேண்டும். ஒரு நகரப் பேருந்து 100 கிலோமீட்டருக்கு 8 கிலோ என்ற கணக்கில், தினம் 200 கிலோமீட்டர் ஓடினால் 16 கிலோ எடுக்கும். 13 பேருந்து இருந்தால் நிலையம் நிறைந்துவிடும். ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 500 கார்களைப் பிடிப்பது எங்கே, ராத்திரி ஆனால் ஒரே பணிமனைக்குத் திரும்பும் 13 பேருந்துகள் எங்கே! இந்த 500-க்கு 13 என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

### போனால் திறந்திருக்குமா?

என்னுடையது சிஎன்ஜி கார். ஒருநாள் இரவு புறவழிச்சாலையில் ஒரு பங்க்கில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த ஆட்டோ நிரப்பி நகர்ந்ததும், ஊழியர் கையை விரித்தார்: "பிரஷர் இல்ல சார், வண்டி வரணும்." வண்டி என்றால், குழாயில் வாயு வந்து சேரும் பெரிய நிலையமான மதர் ஸ்டேஷனிலிருந்து சிலிண்டர் அடுக்கைச் சுமந்து வரும் லாரி. ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். டேஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்சைத் தட்டி, பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஹைட்ரஜன் காரில் அந்த ஸ்விட்ச் கிடையாது. நிலையம் வேலை செய்யவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ஹைட்ரஜன் நிலையம் சிஎன்ஜி பங்க்கைவிட நுணுக்கமானது. சிஎன்ஜி 200 பார் அழுத்தத்தோடு முடிந்துவிடும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்). ஹைட்ரஜன் காருக்கு 700 பார், பேருந்துக்குப் பெரும்பாலும் 350 பார். 700 பாரில் வேகமாக நிரப்பும்போது டேங்க் சூடேறும் என்பதால், வாயுவை முன்கூட்டியே மைனஸ் 40 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் குளிர்ந்த நாசிலின் மேல் பனி உறைந்து, அது காரின் வாயோடு ஒட்டிக்கொள்ளும். கலிபோர்னியாவில் நாசில் இளகும்வரை காரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டுநர்கள் காத்திருப்பது சாதாரணக் காட்சி. தூத்துக்குடியின் ஈரக்காற்றில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: ஒரு கார் நிரப்பிப் போன பிறகு கம்ப்ரஸர் மறுபடி அழுத்தம் ஏற்ற நேரம் பிடிக்கும். அந்தக் கம்ப்ரஸர்தான் அடிக்கடி படுத்துக்கொள்ளும் பாகமும்.

ஆகவே, உதவி கொடுக்கும் முறை நிலையத்தைத் திறந்து வைத்திருக்கத் தூண்டுகிறதா என்பது இரண்டாவது அளவுகோல்.

### வாயு எங்கிருந்து வருகிறது?

200 பாரில் அடைத்து வரும் டியூப் டிரெய்லர் (நீளமான சிலிண்டர்களை அடுக்கிய வண்டி) ஒன்று சுமார் 40 டன் எடை இருக்கும். அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் முந்நூறு, நானூறு கிலோதான். தூரத்திலிருந்து கொண்டுவந்தால் போக்குவரத்துச் செலவே விலையைத் தின்றுவிடும். நிலையத்திலேயே தண்ணீரைப் பிரித்து எடுத்தால் ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 6 ரூபாய் என்றால் மின்சாரம் மட்டுமே 330 ரூபாய் வரை போகும்.

இதை டீசலோடு வைத்துப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். எரிபொருள் கலத்தில், அதாவது ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கருவியில் ஓடும் லாரியில் ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் மூன்றரை முதல் 4 லிட்டர் டீசலின் வேலையைச் செய்யும். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 320 முதல் 370 ரூபாய். அந்த விலைக்கு மேல் போனால் லாரிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. மின்சாரத்துக்கே 330 போய்விட்டால் நிலையத்துக்கு மிஞ்சுவது என்ன? மத்திய அரசின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் (பசுமை என்றால் காற்று, சூரியன் போன்ற மின்சாரத்தில் எடுப்பது) உற்பத்திக்கு முதல் வருடம் கிலோவுக்கு அதிகபட்சம் 50 ரூபாய், பிறகு 40, பிறகு 30 என்று ஊக்கத்தொகை உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது.

### தப்பாகிப் போனால் யார் தலையில்?

2019 ஜூன் முதல் தேதி கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஒரு ஹைட்ரஜன் வளாகத்தில் வெடிப்பு. அந்த ஒரு இடம் நின்றதும் மாநிலத்தின் வடபகுதி நிலையங்களில் பல வாரங்கள் வாயுத் தட்டுப்பாடு. பத்தாம் தேதி நார்வேயின் சாண்ட்விகாவில் ஒரு நிலையமே வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் ஒரு மூடியைச் சரியாக முறுக்காததுதான் காரணம் என்று தெரியவந்தது. டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தின. இப்படி ஒன்று நடந்தால் நஷ்டத்தை அரசு ஏற்குமா, நடத்துபவர் ஏற்பாரா, வண்டி வாங்கியவர் தலையில் விழுமா? இதுதான் நாலாவது அளவுகோல்.

## வழி 1: கட்டுவதற்கு மானியம்

எல்லா நாடும் முதலில் போகும் வழி இது. செலவில் பாதியோ அதற்கு மேலோ அரசு தரும், நிறுவனம் கட்டும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டலாம், எத்தனை நிலையம் என்று எண்ணிச் சொல்லலாம்.

ஜெர்மனி இதை ஒழுங்காகச் செய்த நாடு. ஏர் லிக்கிட், லிண்டே, டெய்ம்லர், ஷெல், டோட்டல், ஓஎம்வி ஆகிய ஆறு நிறுவனங்கள் 2015-இல் எச்2 மொபிலிட்டி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. வண்டி எத்தனை வந்தாலும் வராவிட்டாலும் முதல் 100 நிலையங்களைக் கட்டுவது, வண்டி பெருகினால் 400 வரை போவது என்பது திட்டம். அரசு உதவியோடு முதல் நூறை ஏறத்தாழக் கட்டியும் விட்டார்கள். வண்டி மட்டும் வரவில்லை. நாடு முழுக்க ஓரிரு ஆயிரம் கார்கள் என்ற அளவிலேயே நின்றுபோனது. மேலே போட்ட கணக்கில் அது இரண்டு முதல் நாலு நிலையத்துக்கான தீனிதான். 2022-இல் கிலோ விலை 9.50 யூரோவிலிருந்து 12.85 ஆனது. அப்புறம் சிறிய 700 பார் கார் நிலையங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, பேருந்தும் லாரியும் வரக்கூடிய பெரிய நிலையங்களின் பக்கம் திரும்பினார்கள்.

ஜப்பானில் நிலையம் ஒன்றுக்கு 40 முதல் 50 கோடி யென் ஆகும். உயர் அழுத்த வாயுவுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையானவை என்பதும் அதற்கு ஒரு காரணம். அரசு கட்டவும் கொடுத்தது, நடத்தவும் கொடுத்தது. 2018-இல் டொயோட்டா, நிசான், ஹோண்டா உட்பட 11 நிறுவனங்கள் சேர்ந்து ஜப்பான் எச்2 மொபிலிட்டியைத் தொடங்கின. 2020-க்குள் 160 நிலையம் என்ற இலக்கை ஏறத்தாழ எட்டினார்கள். அதே வருடத்துக்கான 40,000 கார் என்ற இலக்கில் ஓடியது பத்தில் ஒரு பங்குதான்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், மானியம் கட்டி முடித்த நாளோடு முடிந்துவிடும், நஷ்டம் அன்றைக்குத்தான் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. காரை நினைத்துக் கட்டிய நிலையத்துக்குள் பேருந்து நுழைய இடம் இருக்காது, அழுத்தமும் பொருந்தாது. மாற்றிக் கட்டுவதற்கு மறுபடி மானியம் கேட்பார்கள்.

இந்த வழி பொருந்தும் இடமும் இருக்கிறது. லடாக்கில் லே நகரில் 11,562 அடி உயரத்தில் பொதுத்துறை மின் நிறுவனமான என்டிபிசி ஒரு நிலையத்தையும், அதற்குப் பக்கத்தில் 1.7 மெகாவாட் சூரிய மின் நிலையத்தையும் அமைத்து ஐந்து பேருந்துகளைக் கொண்டுவந்தது. காற்றே மெலிந்த அந்தக் குளிரில் எந்தத் தனியாரும் சொந்தப் பணத்தில் சோதனை செய்ய மாட்டார்கள். முதல் நிலையம், கற்றுக்கொள்வதற்கான நிலையம் என்றால் கட்டுமான மானியம்தான் சரி. ஐம்பதாவது நிலையத்துக்கும் அதையே கொடுத்தால் தப்பு.

## வழி 2: நடத்துவதற்குப் பணம்

கலிபோர்னியாவும் கட்டுமான மானியத்தில்தான் தொடங்கியது. 2013-இல் வந்த ஒரு சட்டப்படி, 100 நிலையம் வரும்வரை வருடத்துக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். 2024 தொடக்கத்தில் திறந்திருந்தது சுமார் பாதி. ஆனால் 2019-இல் அவர்கள் சேர்த்த இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கே எரிபொருளின் கார்பன் அளவைக் குறைப்பவர்களுக்குக் கிரெடிட் கிடைக்கும், அதைச் சந்தையில் விற்றுக் காசாக்கலாம். ஹைட்ரஜன் நிலையத்துக்கு அதில் ஒரு சலுகை தந்தார்கள். விற்ற கிலோவுக்கு வழக்கமான கிரெடிட் உண்டு. விற்காமல் காலியாக இருக்கும் கொள்ளளவுக்கும் 15 வருடம் வரை கிரெடிட் உண்டு. வாடிக்கையாளர் வரும்வரை கடையைத் திறந்து வைத்திருப்பதற்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் முக்கியமான நிபந்தனை, நிலையம் எத்தனை மணி நேரம் உண்மையில் வேலை செய்ததோ அந்த விகிதத்தில்தான் கணக்கு. கம்ப்ரஸர் பழுதாகி மூடிக் கிடந்தால் கிரெடிட் குறையும். நான் சொன்ன இரண்டாவது அளவுகோலை நேராகத் தொடும் ஏற்பாடு இது.

அப்படியும் ஏன் சறுக்கியது? கிரெடிட்டின் விலை சந்தையில் ஆடுவது. 2020 வாக்கில் ஒரு கிரெடிட் 200 டாலர் அளவில் இருந்தது பிறகு 100-க்கும் கீழே இறங்கிவிட்டது. வங்கிக்குக் காட்டிய வருமானக் கணக்கு அங்கேயே கவிழ்ந்தது. வாயுவும் பற்றாக்குறை. 2023-இல் பல நிலையங்களில் கிலோ 36 டாலர் ஆனது. டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராயின் டேங்க்கில் 5.6 கிலோ பிடிக்கும். ஒருமுறை நிரப்ப 200 டாலர். கார் வாங்கும்போது நிறுவனம் கொடுத்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை தீரும்வரை ஓட்டியவர்கள், அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார்கள். 2024 பிப்ரவரியில் ஷெல் அங்கே கார்களுக்கான தன் நிலையங்களை நிரந்தரமாக மூடியது. பணம் நிலையத்துக்கு வந்தது சரி, வாயுவுக்கும் வண்டிக்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

தென்கொரியா இதையே எளிமையாகச் செய்கிறது. கட்ட ஏறத்தாழப் பாதி, அப்புறம் நஷ்டத்தில் ஓடும் நிலையங்களுக்கு எரிபொருள் வாங்கும் செலவில் உதவி. அங்கே வண்டிக்கும் தாராளமாக மானியம் கொடுத்ததால் கதை தலைகீழானது. ஹூண்டாயின் ஹைட்ரஜன் காரான நெக்ஸோவின் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியது. 2019-இல் சியோலில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒரு நிலையம் திறந்தார்கள். ஜெர்மனியில் நிலையம் வண்டிக்காகக் காத்திருக்க, கொரியாவில் வண்டிகள் நிலையத்தின் முன்னால் வரிசையில் நின்றன. நடத்துவதற்கான உதவி வேலை செய்வது இந்த மாதிரி இடத்தில்தான்: வண்டி ஏற்கெனவே இருக்க வேண்டும் அல்லது உறுதியாக வரப்போக வேண்டும்.

நஷ்டத்தை அப்படியே ஈடுகட்டும் முறையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நஷ்டம் எவ்வளவு ஆனாலும் அரசு தரும் என்றால் விலையைக் குறைக்க யார் மெனக்கெடுவார்கள்? விற்ற கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டினால் அந்த ஓட்டை அடைபடும்.

## வழி 3: வண்டியையும் நிலையத்தையும் சேர்த்துக் கட்டுவது

2020-இல் சீனா ஒரு முடிவெடுத்தது. வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று நாடு முழுக்க மானியம் தருவதை விட்டுவிட்டு, நகரங்கள் கூட்டாகப் போட்டியிட வேண்டும் என்றது. 2021-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்டாங் தலைமையிலான நகரக் கூட்டணிகளும், பிறகு ஹெபெய், ஹெனானும் தேர்வாயின. பணம் முன்கூட்டியே கிடையாது. செய்து காட்டினால் மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு ஏற்ப வெகுமதி. வண்டி 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஹைட்ரஜனில் ஓடியிருக்க வேண்டும். ஹைட்ரஜன் வழங்கியதற்கான வெகுமதி வேண்டும் என்றால் சில்லறை விலை கிலோ 35 யுவானைத் தாண்டக் கூடாது.

ஓடிய தூரத்தை ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள்? 2016-இல் மின்வாகன மானியத்தில் பெரிய மோசடி வெளியே வந்தது. ஐந்து பேருந்துத் தயாரிப்பாளர்கள் சுமார் 100 கோடி யுவான் அளவுக்குப் பொய்க்கணக்கு காட்டியதாக நிதி அமைச்சகமே அறிவித்தது. வண்டி காகிதத்தில் மட்டும் இருந்தால் போதும் என்ற நிலை அதோடு போனது. இன்று உலகிலேயே அதிக ஹைட்ரஜன் நிலையங்கள் சீனாவில்தான். அவற்றுக்கு வரும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பேருந்தும் லாரியும்.

இந்தியாவின் சோதனைத் திட்டமும் இதே குடும்பம். 2024 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன, ஒதுக்கீடு 496 கோடி ரூபாய். 37 வண்டிகளில் 15 எரிபொருள் கலத்தில் ஓடுபவை, 22 ஹைட்ரஜனை நேரடியாக எஞ்சினில் எரிப்பவை. டாடா மோட்டார்ஸ், ரிலையன்ஸ், என்டிபிசி, கேரள அரசின் மரபுசாரா ஆற்றல் முகமையான அனெர்ட், நம் சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்ட், மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஜாம்ஷெட்பூர்–கலிங்கநகர், அகமதாபாத்–சூரத், திருவனந்தபுரம்–கொச்சி என்று மொத்தம் 10 வழித்தடங்கள். தமிழ்நாட்டுத் தடம் ஒன்றும் இல்லை.

வழி எனக்குப் பிடித்திருக்கிறது, அளவுதான் கவலை தருகிறது. 37 வண்டியை 9 நிலையத்தால் வகுத்தால் நிலையத்துக்கு நாலு வண்டி. 200 கிலோ நிலையத்துக்கே 13 வேண்டும் என்று பார்த்தோம். சோதனை என்பதால் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் அடுத்த கட்டத்திலும் பத்து தடத்துக்குப் பத்து நிலையம் என்று பிரித்துக் கொடுத்தால் எல்லா நிலையமும் பட்டினி கிடக்கும். மூன்றே இடம், ஒவ்வொன்றிலும் ஐம்பது வண்டி என்றால் பிழைக்கும்.

இந்த வழியின் மறைந்த செலவு சுவர். பணிமனைக்குள் கட்டும் நிலையம் பணிமனைக்கு மட்டுமே உதவும். பொதுப் பணத்தில் கட்டியதில் பக்கத்து லாரிக்காரர் நிரப்ப முடியாது. டெண்டரிலேயே, சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒரு டிஸ்பென்சர் (நிரப்பும் இயந்திரம்) இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் பெருமளவு தீர்ந்துவிடும். கட்டிய பிறகு சேர்ப்பது மிகவும் கடினம், பாதுகாப்பு இடைவெளிகளை மறுபடி அளந்து புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

## வழி 4: சட்டத்தால் கட்டாயப்படுத்துவது

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2030 முடிவதற்குள் முக்கிய நெடுஞ்சாலை வலையமைப்பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், முக்கிய நகர மையம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்று. சாலையோர நிலையம் நாளுக்கு ஒரு டன் தரக்கூடியதாகவும் 700 பார் வசதியோடும் இருக்க வேண்டும். எல்லை தாண்டி ஓடும் லாரிக்காரருக்கு இது பெரிய நிம்மதி. போலந்திலிருந்து ஸ்பெயின் போகும் வழியில் எங்கே நிரப்புவது என்ற பயம் போகும். ஆனால் ஒரு டன் என்பது நம் கணக்கில் 60 பேருந்துக்கான தீனி. அத்தனை வண்டி வராவிட்டால் ஜெர்மனியின் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

சட்டத்தை நிலையத்தின் மேல் வைக்காமல் வண்டியின் மேல் வைத்த உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் முடிவதற்குள் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்றது. கெடு தள்ளிப்போனது, பங்க்குகளில் பேருந்தும் ஆட்டோவும் மைல் கணக்கில் வரிசை கட்டின, மக்கள் அவதிப்பட்டார்கள். ஆனால் வாங்குபவர் உறுதி என்று தெரிந்த பிறகு நிலையங்கள் தாமாகப் பெருகின. இன்று எனக்கு சிஎன்ஜி கிடைப்பதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம். ஹைட்ரஜனில் இதை அப்படியே செய்ய முடியாது, அன்றைக்கு சிஎன்ஜி டீசலைவிட மலிவு. விலை இறங்கிய பிறகு இது வலுவான ஆயுதம்.

## வழி 5: கொடுக்காமல் இருப்பது

கார்களைப் பொறுத்தவரை இதுதான் சரி என்று நினைக்கிறேன். 100 யூனிட் மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்கு வரும். அதையே ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 2,000 கோடி ரூபாய்க்குச் சுமார் 72,000 சார்ஜர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கார்களுக்கான பணம் அந்தப் பக்கம் போகட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் எதற்கு | பலம் | மறைந்த செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| கட்டுமான மானியம் | கட்டி முடிப்பதற்கு | வேகம், எளிய கணக்கு | வண்டி வராவிட்டால் மூடல், மாற்றிக் கட்டும் செலவு | முதல் சில நிலையங்கள், கடினமான இடங்கள் |
| இயக்க உதவி | திறந்திருப்பதற்கு, விற்ற கிலோவுக்கு | பராமரிப்பு ஒழுங்காகும் | வருடக்கணக்கில் சுமை, சந்தை விலை ஆட்டம் | வண்டி ஏற்கெனவே ஓடும் ஊர் |
| வண்டியோடு சேர்த்து | ஓடிய தூரத்துக்கு | தேவை உறுதி | சுவருக்குள் முடங்கும் நிலையம், மெல்லியதாகப் பங்கிடும் அரசியல் | பணிமனை, துறைமுகம், உருக்காலை |
| சட்டக் கட்டாயம் | நேரடிச் செலவு குறைவு | நாடு முழுக்க ஒரே நம்பிக்கை | காலி நிலையங்கள் | விலை இறங்கிய பிறகு |
| உதவி இல்லை | – | பணம் மிச்சம் | கனரக வண்டியில் பின்தங்கல் | கார்கள் |

## கேட்டவர்களுக்கு

தேர்வுக்குப் படிப்பவருக்கு: கட்டுமானமா, இயக்கமா என்ற இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். எத்தனையாவது நிலையம், எந்த வண்டிக்கு என்று முதலில் கேளுங்கள். முதல் நிலையத்துக்குக் கட்டுமான மானியம், அடுத்தவற்றுக்கு வண்டி ஒப்பந்தத்தோடு கிலோ கணக்கில் பணம். இந்த வரிசைக்கு ஜெர்மனியும் சீனாவும் உங்களுக்குச் சாட்சி.

தமிழ்நாட்டுக்கு அடுத்த சுற்றில் ஒரு நிலையம் கிடைத்தால் எங்கே வைப்பது என்றும் சிலர் கேட்கிறார்கள். நான் தூத்துக்குடியைச் சொல்வேன். வ.உ.சி. துறைமுகத்தை மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் மையங்களில் ஒன்றாக 2025-இல் அங்கீகரித்திருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் அங்கே 3.87 கோடி ரூபாயில் ஒரு சிறு சோதனை ஆலையும் திறந்தார்கள். மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன். நாள் முழுக்க ஓடினாலும் 21 கிலோ சொச்சம்தான், ஒரு பேருந்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் இடம் சரியான இடம். காற்றாலையும் வெயிலும் பக்கத்தில், கன்டெய்னர் லாரிகள் ஒரே வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்து போகின்றன, தூரத்திலிருந்து டிரெய்லரில் வாயு கொண்டுவர வேண்டாம். குறைந்தது 13 வண்டிக்குக் கையெழுத்து வாங்கிய பிறகே அடிக்கல் நாட்ட வேண்டும். நிலையம் வேலை செய்கிறதா, எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்பதைக் கலிபோர்னியாவில் ஓட்டுநர்கள் செல்போனிலேயே பார்க்கிறார்கள். அதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

நாமக்கல் அண்ணனுக்கு: பங்க் வந்தால் வண்டி தானாக வராது, ஜெர்மனிக்காரர்கள் அதை நூறு முறை கட்டிப் பார்த்துவிட்டார்கள். ஹைட்ரஜன் லாரி வாங்கச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். கிலோ 350 ரூபாய்க்குள் எத்தனை வருடத்துக்குத் தருவீர்கள்? நிலையம் பழுதானால் என் லாரி நிற்கும் நாளுக்கு யார் வாடகை தருவது? என் தடத்தில் இரண்டாவது நிலையம் எங்கே இருக்கிறது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு கடன் விண்ணப்பத்தை எடுங்கள்.